நெஞ்செரிவும் புளியேப்பமும்

நான் வடபகுதி வைத்தியசாலையொன்றிற் கடமையாற்றிய காலத்தில், ஆவணி மாதத்து இரவொன்றிற் பன்னிரண்டு மணியளவில், கூட்டுறவுச் சங்க முகாமையாளர் ஒருவரை உறவினர் நால்வர் தாங்கிப் பிடித்தவண்ணம் அழைத்துவந்தனர். அவருக்கு வயது 46. கலியாண வீடொன்றில் இராப்போசனம் முடித்து, வீடு சென்று, உடுப்பை மாற்றிய உடனே படுத்திருக்கிறார். ஒரு மணித்தியாலத்துள், நெஞ்செலும்பின் பின்னே கொள்ளிக்கட்டையை வைத்தாற்போல எரிகின்றது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்றே எல்லாரும் முடிவு செய்துவிட்டனர். மனைவியார் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். இருதய மின்வரைபைப் பார்த்தோம், குருதியைச் சோதித்தோம், சில மணித்தியாலம் கழித்து இரண்டையும் மீளச் செய்தோம். இருதயத்தில் யாதொரு குறையும் இல்லை. இரைப்பையில் இருக்கவேண்டிய அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுட்டிருக்கிறது. அவ்வளவே.

மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தாமாகவே நடந்து வந்தார். அவர் நீரிழிவு உள்ளவர். "விடியற்புறம் நான்கு மணி தொடக்கம் கஸ்ரிக், டொக்டர், ஏதேனும் குளிசை தந்தாற் போய்விடுவேன்" என்றார். வரும் வரையில் இரண்டு போத்தல் சோடாவும், இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்த நீரும், கடையில் வாங்கிய குளிசை இரண்டும் உட்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வியர்வை துளித்து நின்றது. மின்வரைபை எடுத்தபோது, ஏழு மணித்தியாலம் கடந்துவிட்ட மாரடைப்பு அதில் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் பிழைத்தார், ஆயினும் அவருடைய இருதயத் தசையின் ஒரு பகுதி பிழைக்கவில்லை.

இவ்விருவரும் தம் வேதனையைக் கூறியபோது கையை வைத்துக் காட்டிய இடம் ஒன்றே. கூறிய சொல்லும் ஏறத்தாழ ஒன்றே. வீணாக அஞ்சியவர் விரைந்து வந்தார். அஞ்சவேண்டியவர் ஆறுதலாக வந்தார். நெஞ்செரிவைப் பற்றி அறிந்துகொள்ளவேண்டுவதன் அவசியத்தை எனக்கு உணர்த்திய சம்பவம் இது.

நேயர்களே, "கஸ்ரிக்" என்னும் சொல் நம் நாட்டிற் பெரியதொரு சாக்குப்போல ஆகிவிட்டது. குடற்புண்ணும் அதனுள், வாயுத்தொல்லையும் அதனுள், பித்தப்பைக் கல்லும் அதனுள், சிலவேளை மாரடைப்பும் அதனுள். உண்மையில் அஃது "இரைப்பை சார்ந்த" என்று பொருள்படும் ஆங்கில அடைமொழியேயன்றி நோயொன்றின் பெயரன்று. நம்முடைய சித்த வைத்திய நூலோர் இவ்விடயத்தில் நம்மிலும் கவனமானவர்கள். குன்மத்தை எட்டு வகையாகப் பிரித்து, எரிகுன்மம் என ஒன்றைத் தனியே வைத்தனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் அச்சாக்கினுள் இருக்கும் ஒன்றை மட்டுமே. இரைப்பையின் அமிலம் எதிர்த்து மேலேறி உணவுக்குழாயைப் புண்படுத்தும் நோய் அது. அமிலப் பின்னோட்டம் என்று வைத்தியர் கூறுவர். எதுக்களிப்பு என்று வீட்டிலே கூறுவோம்.

இரைப்பையினுள் அமிலம் இருக்கின்றது என்பதே ஒரு காலத்தில் வாதத்துக்குரிய செய்தியாக இருந்தது. 1823ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் பிறௌற் என்னும் ஆங்கில வைத்தியர், அங்கே உள்ளது ஐதரோக்குளோரிக் அமிலமே என்று லண்டன் அறிஞர் கழகத்தின் முன் நிறுவினார். அமெரிக்காவில், அதற்கு முந்திய ஆண்டு யூன் மாதத்தில், மக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் இளைஞனின் விலாப்புறத்தில் தவறுதலாகத் துப்பாக்கிச் சூடு பட்டது. அவனுக்குச் சிகிச்சை செய்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமொண்ட் அவனைப் பிழைக்கச் செய்தார். ஆனால் துவாரம் மூடவில்லை. இரைப்பைக்கு வெளியிலிருந்தே ஒரு சாளரம் திறந்துவிட்டது. போமொண்ட் அச்சாளரத்தினூடாக இறைச்சித் துண்டுகளை நூலிற் கட்டி உள்ளே இறக்கியும், சிலநேரம் கழித்து வெளியே இழுத்தும், எது எவ்வளவு நேரத்திற் கரைகின்றது என்று குறித்துவைத்தார். கொழுப்புள்ள உணவு மெல்லவே சீரணிக்கின்றது என்பதையும், கோபம் முதலிய உணர்ச்சிகள் இரைப்பையின் தொழிலைக் குழப்புகின்றன என்பதையும் கண்ணாற் கண்டு 1833இல் நூலாக வெளியிட்டார். சென் மார்ட்டினுக்கு இவ்வாராய்ச்சியிற் பெரிய விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. பலமுறை வைத்தியரை விட்டு ஊருக்குப் போய்விட்டான். இவ்வளவுக்கும் பின்னர் முதுமை வரை வாழ்ந்தான்.

நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரையிற் சுரக்கும் இவ்வமிலநீர், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்கின்றது. புரதத்தைச் சீரணிக்கும் பெப்சின் என்னும் நொதியத்தைத் தொழிற்படச் செய்கின்றது. ஆகவே அது நமக்குப் பகையன்று. இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலமொன்று தடிப்பாகப் பூசிக் காக்கின்றது. அதனால் இரைப்பை தன்னைத் தானே தின்பதில்லை. ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான உணவுக்குழாய்க்கோ அத்தகைய கவசம் கிடையாது. அஃது உணவு கடந்து செல்லும் பாதை மாத்திரமே. அடுப்பங்கரையில் நெருப்பு இருந்தாற் சோறு வேகும். அதே நெருப்பு கூரையில் ஏறினால் வீடு வேகும். நெஞ்செரிவுக்காரரைப் பார்த்து "உமக்கு அமிலம் அதிகம்" என்று கூறுவது வழக்கம். மிகப் பெரும்பாலானோருக்கு அமிலம் எல்லார்க்கும் உள்ள அளவே உள்ளது. அது நிற்கும் இடமே பிழை.

அந்த இடம் பிழையாமற் காப்பது ஒரு வாயில். நம் பாட்டிமார் இடுப்பிற் செருகி வைக்கும் சுருக்குப்பையின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். உணவுக்குழாய் இரைப்பையைச் சேருமிடத்தில், மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்கு, தசை வளையம் ஒன்று அதனைச் சுருக்கிப் பிடித்திருக்கின்றது. அதே இடத்தில் நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத்தகடு வெளிப்புறமாக இறுக்குகின்றது. விழுங்கும்போது இவ்வாயில் திறக்கும். விழுங்கியது இறங்கியதும் மூடும். விழுங்காத வேளையிலும் இடையிடையே சிலகணம் அது தானாகத் தளர்கின்றது. இரைப்பையில் உள்ள காற்று ஏப்பமாக வெளிவருவது அவ்வாறே. 1980ஆம் ஆண்டளவில் ஜோன் டென்ற் என்னும் அவுஸ்திரேலிய வைத்தியரும் அவருடன் பணியாற்றியோரும் நுண்ணிய குழாய்களை வைத்து அளந்து, அமிலம் மேலேறுவது பெரும்பாலும் இத்தளர்ச்சியின்போதே என்று காட்டினர். ஆகவே ஓரளவு பின்னோட்டம் எல்லாரிடத்தும் உண்டு. பால் குடித்த குழந்தை கக்குவதும் இதுவே; நன்றாக நிறை ஏறிவரும் குழந்தையாயின் தாய் அதற்காக வருந்தவேண்டியதில்லை. பின்னோட்டம் அடிக்கடி நிகழ்ந்து தொல்லையோ புண்ணோ தருமாயின் அப்போதுதான் நோய் என்கிறோம்.

மேலேறிய அமிலத்தைத் திருப்பியனுப்ப மூன்று ஏற்பாடுகள் உள்ளன. நிமிர்ந்திருக்கும்போது அது தானாகவே கீழிறங்கும். உணவுக்குழாய் அலையலையாகச் சுருங்கி அதனைக் கீழே தள்ளும். விழுங்கும் உமிழ்நீர், தன்னிலுள்ள காரத்தன்மையினால் எஞ்சியதைச் சமப்படுத்திக் கழுவும். இனி, நித்திரையை எண்ணிப் பாருங்கள். படுத்துவிட்டோம், ஆகவே கீழிறங்குதல் இல்லை. நித்திரையில் விழுங்குதல் மிகவும் குறைவு. உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. பகலிற் சில நிமிடத்தில் நீங்கிவிடும் அமிலம் இரவில் நெடுநேரம் தங்கிச் சுடுவதற்குக் காரணம் இதுவே. நம் முகாமையாளரைக் கட்டிலினின்றும் எழுப்பியதும் இதுவே.

வாயில் தளர்வதற்குக் காரணங்கள் பல. உதரவிதானத்தின் துவாரம் அகன்று, இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சறைக்குள் நழுவிவிடுதல் ஒன்று. வயது முதிர முதிர இது கூடும். வயிற்றிற் கொழுப்பு ஏறியவருக்கு அக்கொழுப்பே இரைப்பையை இரவும் பகலும் அமுக்கிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கு வளரும் கருப்பையின் அழுத்தத்தோடு, தசைகளைத் தளர்த்தும் ஓமோனும் சேர்கின்றது. பிள்ளைப்பேற்றோடு பெரும்பாலும் நீங்கிவிடும். புகைத்தல் வாயிலைத் தளர்த்துவதோடு உமிழ்நீரையும் குறைக்கின்றது. மதுவும் அவ்வாறே கெடுதல் செய்வது. இரத்த அழுத்தத்துக்கும் இழுப்புக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகளும் வாயிலைத் தளர்த்தவல்லன. அதற்காக அவற்றைத் தாமே நிறுத்திவிடாது, கொடுத்த வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

இந்நோய் பல வேடம் பூண்டு வரும். நெஞ்செரிவும், புளித்த நீர் தொண்டை வரை எதுக்களித்தலும் அதன் சொந்த முகங்கள். குனிந்து கூட்டும்போதும், பொருள் தூக்கும்போதும், வயிறு நிறைய உண்டு சாயும்போதும் இவை மிகும். சிலருக்கு வாயில் உவர்நீர் ஊறும். சிலருக்கு எரிவே இராது. விடியற்காலையில் தொண்டை கரகரத்தல், காரணமில்லாத வறட்டிருமல், பல்லின் மேற்பூச்சுக் கரைதல் என்று வரும். ஆயினும் எல்லா இருமலையும் இதன் தலையிற் சுமத்திவிடலாகாது. குடற்புண் வேறொரு நோய் என்பதனையும் இங்கே கூறிவைக்கிறேன். அதனைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஒரு பற்றீரியாவும், மூட்டு நோவுக்கும் தலைவலிக்கும் விழுங்கும் சில குளிசைகளுமே. அப்பற்றீரியாவைக் கண்ட பரி மார்ஷல், றொபின் வொறன் என்னும் இருவரும் 2005இல் நோபெல் பரிசு பெற்றனர். நெஞ்செரிவைப் பொறுத்தவரையில் அப்பற்றீரியாவின்மீது குற்றம் சுமத்த முடியாது.

இப்போது ஆசிரியரிடம் திரும்புவோம். நெஞ்செரிவை மாரடைப்பினின்றும் பிரித்தறிவது எப்படி? எரிவு போலன்றி, அமுக்கிப் பிடித்தாற்போல, பாரம் ஏற்றினாற்போலத் தோன்றுதல்; இடக்கை, தோள், தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவுதல்; குளிர்ந்த வியர்வை; மூச்சு முட்டுதல்; நடக்கும்போதும் படியேறும்போதும் வந்து, நின்றால் ஆறுதல்: இவை இருதயத்தைச் சுட்டுவன. படுத்தால் மிகுந்து எழுந்தாற் குறைதலும், புளித்த நீர் மேலேறுதலும் எதுக்களிப்பைச் சுட்டுவன. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இவற்றை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள் என்றும் சொல்லவேண்டியவனாக இருக்கிறேன். ஏனெனில் நீரிழிவுள்ளவர்க்கும், முதியோர்க்கும், பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியின்றி மேல்வயிற்று அந்தரமாகவும் வாந்தியாகவும் வருவதுண்டு. "சோடா குடித்தேன், ஏப்பம் வந்தது, சுகமாயிற்று, ஆகவே இது வாயுவே" என்னும் நியாயம் செல்லாது. மாரடைப்பின் வேதனையும் இடையிற் சிறிது தணிவதுண்டு. தணிந்த வேளையிற் குடித்த சோடாவுக்குப் புகழ் போய்ச் சேர்கின்றது.

இருதயத்துக்குச் செல்லும் நாளம் அடைபட்டால், முதலிரு மணித்தியாலத்துள் அதனைத் திறப்பதே பெரும்பயன் தரும். அதன் பின்னர் ஒவ்வொரு மணித்தியாலமும் தசை இறந்துகொண்டேயிருக்கும். ஆகவே நாற்பது வயதைக் கடந்தவரோ, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் உடையவரோ, முன்பு அறியாத நெஞ்சு வேதனை பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கக் கண்டால், அதனை இருதயம் என்றே எண்ணிப் புறப்படவேண்டும். 2016இல் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். முகாமையாளரைப் போல இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து, ஒன்றுமில்லை என்று அறிந்து திரும்பியவர் எவரையும் நான் கடிந்துகொண்டதில்லை.

இருதயம் அன்று என்று தெரிந்த பின்னர், எதுக்களிப்புக்குச் செய்யவேண்டுவது என்ன? முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்வேன். நம்மவரிடையே பெரும் பிழை அங்கேதான். காலையில் ஒரு துண்டு பாண், மத்தியானம் அவசரமாக ஒரு பார்சற் சோறு, இரவு ஒன்பதரைக்கு நிறையப் பிட்டும் தேங்காய்ப்பாற் கறியும், பத்து மணிக்குப் படுக்கை: இது பலருடைய நாள். போமொண்ட் கண்டதுபோலக் கொழுப்பு மெல்லவே கரைகின்றது. நிறைந்த இரைப்பை நெடுநேரம் நிறைந்தே கிடக்கின்றது. இராப்போசனத்துக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். கடை பூட்டி வீடு வர இரவு எட்டரையாகும் வர்த்தகர் இதனை எவ்வாறு செய்வார் என்று கேட்கலாம். ஆறு மணிக்குக் கடையிலேயே பாதி உணவை முடித்து, வீட்டில் இரண்டு இடியப்பம் சொதியோடு போதும் என்று நிறுத்திக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். முதல் வாரம் வீட்டிற் சண்டையாம். பிறகு வீட்டாருக்கும் அது வசதியாகிவிட்டது.

அடுத்தது கட்டில். தலைமாட்டுக் கால்களின்கீழ் 6 முதல் 8 அங்குல உயரத்துக்குச் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்துக் கட்டில் முழுவதையும் சரிவாக்கவேண்டும். தலையணையை மேன்மேல் அடுக்குவது இதற்கு ஈடாகாது. உடல் இடுப்பில் மடிந்து வயிற்றை அமுக்க, நிலைமை மோசமாகலாம். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நன்று. உணவுக்குழாய் இரைப்பையை வந்து சேரும் அமைப்பினால், இடப்பக்கம் படுக்கும்போது அமிலக்குளம் வாயிலுக்குக் கீழே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் வாயிலே அக்குளத்துள் மூழ்கிவிடும். காசு செலவில்லாத மருந்து இதைவிட வேறில்லை. வேட்டி, சாரம், இடுப்புப்பட்டி, சேலையின் உட்பாவாடை ஆகியவற்றை இறுகக் கட்டுவதும் இரைப்பையைப் பிழிவதற்கு ஒப்பாகும். வயிறு பருத்தவர்க்கு நிறையைக் குறைத்தலைப்போல நிலைத்த பயன் தருவது வேறொன்றுமில்லை. சில இறாத்தல் குறைந்தாலே வேறுபாடு தெரியும்.

உணவு வகைகளைப் பற்றி நான் பெரிய தடைப்பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. பொரியல், கொழுப்பு, கோப்பி, சொக்கிலேற்று, புளிப்பான பழங்கள், உறைப்பு ஆகியன பலருக்குத் தொல்லை தருவன என்று நூல்கள் கூறும். ஆனால் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாதது மற்றவருக்கு ஒத்துக்கொள்ளும். இரண்டு வாரம் ஒரு கொப்பியில் உண்டதையும் எரிந்ததையும் குறித்துவந்தால், தம்முடைய பகை எது என்று அவரவரே கண்டுகொள்வர். "இவள் போடும் மிளகாய்த்தூளாற்றான் எல்லாம்" என்று மனைவியைக் குற்றஞ்சாட்டிய ஒருவரின் கொப்பியைப் பார்த்தேன். உறைப்புக் கறி உண்ட மத்தியானங்களில் எரிவே இல்லை. நண்பர்களோடு மது அருந்தி வந்த இரவுகளிலெல்லாம் எரிவு இருந்தது. கொப்பியை அம்மையாரும் பார்த்துவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

வீட்டு வைத்தியங்களில் அப்பச்சோடாவும் சோடாப் போத்தலும் முன்னணியில் நிற்பவை. அப்பச்சோடா அமிலத்தைச் சமப்படுத்துவது மெய். அப்போது உண்டாகும் காபனீரொட்சைட்டு வாயு இரைப்பையை ஊதச் செய்து, ஏப்பத்தோடு மீண்டும் அமிலத்தை மேலே கொணர்வதும் மெய். அதிலுள்ள சோடியம் இரத்த அழுத்தக்காரருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் ஆகாது. சோடாப் போத்தலில் வாயு மட்டுமே மிச்சம். பால் சிறிது நேரம் குளிர்விக்கும். பின்னர் அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும். உணவுக்குப் பின் வெற்றிலை போட்டாற் சீரணம் என்பார்கள். புகையிலை வாயிலைத் தளர்த்தும்; பாக்கோ மனிதரிடத்துப் புற்றுநோயை விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவே கூறியுள்ளது. எரிவைத் தணிக்கப்போய் அதனிலும் கொடிய நோயைத் தேடிக்கொள்வதில் அறிவில்லை.

இனி மருந்துகள். அமிலத்தைச் சமப்படுத்தும் வெண்ணிறப் பாணிமருந்து எப்போதாவது வரும் எரிவுக்குப் போதும். கடற்பாசியினின்றும் எடுக்கும் அல்ஜினேற்றுச் சேர்ந்தவை, இரைப்பை நீரின்மேல் ஆடைபோல மிதந்து வாயிலை மறைக்கும். ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் வகுத்த வழியில், அமிலச் சுரப்பையே குறைக்கும் சிமெற்றிடீன் 1976இல் விற்பனைக்கு வந்தது. 1988இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அதே வகையைச் சேர்ந்த றனிற்றிடீன் நம் வீடுகளில் நெடுங்காலம் நன்கு அறியப்பட்டதாக இருந்தது. அதனுள் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடிய மாசு உண்டாவது 2019இல் தெரியவந்து, பல நாடுகளில் விற்பனையினின்றும் நீக்கப்பட்டது. பழைய அட்டை எதுவும் அலுமாரியில் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

இன்று பெரிதும் வழங்குவது 1988இல் அறிமுகமான ஒமெப்பிரசோலும் அதன் இனத்தவையுமே. அமிலத்தை வெளித்தள்ளும் பம்பிகள் இரைப்பைச் சுவரில் உள்ளன. இம்மருந்து அவற்றைப் பிடித்துப் பூட்டிவிடும். ஆனால் உணவினால் விழித்துத் தொழிற்படும் பம்பியையே அது பூட்டும். உறங்கும் பம்பியைப் பூட்டாது. ஆதலின் காலை உணவுக்கு அரைமணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் முன்னதாக விழுங்கவேண்டும். உண்டு முடித்து, எரிவு தொடங்கிய பின்னர் விழுங்கிவிட்டு "இம்மருந்து கேட்கவில்லை" என்று குறைகூறுவோர் பலர். மருந்தின்மீது குற்றமில்லை, நேரம் பிழைத்துவிட்டது. வழமையாக நான்கு முதல் எட்டு வாரம் வரை கொடுத்து, பின்னர் குறைப்போம்.

குறைத்தல் என்றேன், அங்கே ஒரு கண்ணி உண்டு. நெடுநாட் பூட்டிவைத்த பம்பிகளைத் திடீரெனத் திறந்துவிட்டால், சில வாரம் முன்னையிலும் மிகுதியாக அமிலம் சுரக்கும். "நிறுத்தினேன், கூடிவிட்டது, ஆகவே ஆயுள் முழுதும் வேண்டும்" என்று மக்கள் எண்ணிவிடுகின்றனர். மெல்ல மெல்லக் குறைத்தால் அக்காலம் கடந்துபோகும். ஆண்டுக்கணக்காக உட்கொள்வோருக்கு விற்றமின் பி12, மக்னீசியம் ஆகியன குறைதலும், குடற்றொற்றுக்கள் சற்று மிகுதலும் காணப்பட்டுள்ளன. அதே நேரத்தில், இருதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர், குருதி கசிந்த புண் உடையவர் முதலியோருக்கு இது நெடுங்காலம் தேவைப்படும். அவர்கள் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடக்கூடாது. மற்றொன்று: இம்மருந்து பல வியாபாரப் பெயர்களோடு விற்கப்படுகின்றது. இரு வைத்தியர் எழுதிய இரு பெயர்களும் ஒரே மருந்து என்று அறியாமல் இரட்டிப்பாக விழுங்கியவரைக் கண்டிருக்கிறேன். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை அதன் பொதுப்பெயராலேயே வழங்கவேண்டும் என்று வாதாடினார். அட்டையிற் சிறிய எழுத்தில் இருக்கும் அப்பொதுப்பெயரை வாசிக்கப் பழகுங்கள்.

பின்வருவனவற்றுள் ஒன்று இருப்பினும் குளிசையை நம்பிக் காலம் கடத்தலாகாது. விழுங்கிய உணவு நெஞ்சில் தடைபடுதல், விழுங்கும்போது நோதல், குருதியாகவோ கோப்பித்தூள் போலவோ வாந்தி, தார்போற் கரிய மலம், காரணமின்றி மெலிதல், குருதிச்சோகை, ஐம்பது வயதுக்கு மேற் புதிதாகத் தொடங்கிய தொல்லை: இவற்றுக்கு, மக்கள் "கமரா விடுதல்" என்று கூறும் அகநோக்கிச் சோதனை வேண்டும். சில நிமிடத்தில் முடிவது; பெயரைக் கேட்டு அஞ்சுமளவுக்குக் கொடியதன்று. பல்லாண்டு சுடப்பட்ட உணவுக்குழாயின் உட்போர்வை சிலரிடத்துக் குடலின் போர்வையைப்போல மாறிவிடும். 1950இல் இதைப்பற்றி எழுதிய லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பரற்றின் பெயரால் அது வழங்குகின்றது. அவர்களுள்ளும் சிலருக்கே புற்றுநோய் வரும். ஆயினும் குறித்த காலத்துக்கு ஒருமுறை பார்த்துவருதல் வேண்டும். மருந்தாலும் அடங்காதவர்க்கு, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. 1955இல் றூடோல்ப் நிசென் முதலிற் செய்த அது, இன்று சிறு துவாரங்களினூடாகச் செய்யப்படுகின்றது. அது தேவைப்படுவோர் மிகச் சிலரே.

நம் முகாமையாளருக்குச் சத்திரசிகிச்சையும் வேண்டியிருக்கவில்லை. எட்டு வாரத்துக்குப் பின்னர் மருந்தும் வேண்டியிருக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் இரண்டு செங்கல் வைத்தார். இராப்போசனத்தை ஏழு மணிக்கு மாற்றினார். ஓராண்டில் 9 கிலோ நிறை குறைந்தார். சரிவான கட்டிலில் இரவிரவாகக் கால்மாட்டுக்கு வழுக்கி வந்துவிடுகின்றேன் என்பது அவர் மனைவியாரின் முறைப்பாடு. அதற்கு மருந்து என்னிடம் இருக்கவில்லை. மெத்தைக்குக் கீழே ஒரு சாக்கு விரித்துப் பார்க்கச் சொன்னேன்.